2007 பாக்ஸ்டர் எஸ், பாண்டிச்சேரி நம்பர்: வாங்கலாமா?

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். சென்னையில் 2007 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் எஸ் (துணிக்கூரையை மடித்துத் திறக்கக்கூடிய இரண்டு சீட் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஆறு கியர் மேனுவல், மூன்றாவது ஓனர், மீட்டரில் 41,000 கிலோமீட்டர், பாண்டிச்சேரி பதிவு. “ஐ.எம்.எஸ். பேரிங் போனால் எஞ்சினே போச்சு என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா? வாங்குவதானால் என்னென்ன பார்க்க வேண்டும்?” என்பது அவருடைய கேள்வி.

அந்த பேரிங்கைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். ஆனால் என் கணக்கில் அது நான்காவது, ஐந்தாவது கவலைதான். நம் ஊரில் இருபது வருடத்தை நெருங்கும் ஒரு போர்ஷேவைக் கெடுப்பவை வேறு: சரியில்லாத பேப்பர், மழைத் தண்ணீர், வெயில், ஓட்டாமல் நிறுத்தி வைத்தது. இணையத்தில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் எழுதுவது. அவர்கள் பிரச்சினை வேறு, நம் பிரச்சினை வேறு.

ஐ.எம்.எஸ். என்பது எஞ்சினுக்குள் ஓடும் இடைத்தண்டு. கிராங்க் ஷாஃப்டிலிருந்து, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் வேலை அதனுடையது. அதன் ஒரு முனையைத் தாங்குவது சீல் வைத்த ஒரு பால் பேரிங். நாளாக ஆக சீல் தளரும், உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து போகும், பேரிங் தேயும். அது உடைந்தால் வால்வுகளின் நேரம் தவறி, பிஸ்டன் வால்வில் மோதி, எஞ்சின் முடிந்தது. இது கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காகத் தொடர்ந்த கூட்டு வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது. அந்த வருடங்களில் போட்ட ஒற்றை வரிசைச் சிறிய பேரிங்தான் அதிகம் கெட்டது. அதற்கு முன்பு வந்த இரட்டை வரிசை பேரிங் அந்த அளவுக்கு மோசமில்லை.

நீங்கள் பார்க்கும் 2007 வண்டியில் இருப்பது 3.4 லிட்டர், 295 குதிரைத்திறன் எஞ்சின். இதில் அந்த பேரிங்கைப் பெரிதாக்கிவிட்டார்கள். கெடுவது அரிது. ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் மாற்றவும் முடியாது. அதனால் “ஐ.எம்.எஸ். மாற்றியாச்சு சார்” என்று யாராவது இந்த வருட வண்டிக்குச் சொன்னால், எஞ்சினைப் பிரித்த பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால், சொல்பவருக்கு விஷயம் தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். 2009-ல் வந்த மாடலிலிருந்து இடைத்தண்டே கிடையாது, எஞ்சின் முழுக்கப் புதிது. பட்ஜெட் நீண்டால், பொறுமையும் இருந்தால், அதைத் தேடலாம்.

இந்த 3.4 எஞ்சினில் நான் அதைவிட அதிகம் கவனிப்பது சிலிண்டர் சுவரில் கீறல் விழுவதை. பிஸ்டனின் பக்கவாட்டுப் பூச்சு தேய்ந்து, சுவரில் நெடுக்குக் கோடுகள் விழும். ஆயில் குடிக்கும், ஐட்லிங்கில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் டக் டக் என்று சத்தம் வரும். போர்ஷேயின் இன்னொரு மாடலான 911-ல் இரண்டு புகைக்குழாயில் ஒன்று மட்டும் கறுத்திருப்பதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். பாக்ஸ்டரில் புகை வெளியேறுவது நடுவில் ஒரே இடத்தில், எனவே அந்தத் தந்திரம் இங்கே செல்லாது. ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, துளை வழியாகச் சிறு கேமராவை இறக்கிப் பார்ப்பதுதான் வழி. குளிர் நாடுகளில்தான் இதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். ஆனாலும் இவ்வளவு பணம் போடும் வண்டியில் பார்க்காமல் விடக்கூடாது.

சரி, இப்போது பேப்பருக்கு வருவோம். பாண்டிச்சேரி நம்பர் என்றாலே தப்பு என்று சொல்ல மாட்டேன். அங்கே வீடும் தொழிலும் உள்ளவர்கள் அங்கே பதிவு செய்வது இயல்பு. ஆனால் விலை உயர்ந்த கார்களைப் பாண்டிச்சேரியில் பொய் முகவரி கொடுத்துப் பதிவு செய்து, சொந்த மாநிலத்தில் வரி கட்டாமல் ஓட்டும் பழக்கம் ரொம்ப நாளாக இருந்தது. 2017-ல் கேரளாவில் அது பெரிய விவகாரமாகி வழக்குகள் வரை போனது. உங்கள் வண்டியின் ஆர்.சி.யில் உள்ள முகவரியைப் பாருங்கள். முதல் ஓனர் சென்னையில் குடியிருந்து, ஆர்.சி.யில் மட்டும் பாண்டிச்சேரித் தெரு ஒன்று இருந்தால், அந்தச் சிக்கல் உங்கள் தலையில் வந்து விழும்.

ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். கோவையில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறவர் நீங்கள். எனவே பாண்டிச்சேரியிலிருந்து படிவம் 28-ல் என்.ஓ.சி. வாங்கி, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தாகி, தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்டியாக வேண்டும். 2023 நவம்பரிலிருந்து இங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும். குறைந்தாலும், இறக்குமதி போர்ஷேவின் விலைக்கு அது சின்னத் தொகையாக இருக்காது. விலை பேசுவதற்கு முன்பே கோவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. நகலைக் காட்டி, எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். புரோக்கர் வாய்மொழியாகச் சொல்லும் தொகையை நம்பி இறங்காதீர்கள். அந்தத் தொகை வண்டி விலையில் கழிய வேண்டிய தொகை.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று. தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். 2007-ல் பதிவான வண்டிக்கு அது 2022-ல் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு தகுதிச் சோதனை செய்து, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டு, பதிவு எதுவரை செல்லும் என்று பாருங்கள். அது காலாவதியாகி இருந்தால், அந்த வண்டி 2022-லிருந்து முறைப்படி சாலையில் ஓட உரிமையில்லாத வண்டி. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க அதுவே போதும். விற்பவரே புதுப்பித்துக் கொடுக்கட்டும். “அதெல்லாம் ஈஸி சார், நாம பாத்துக்கலாம்” என்பவரிடம், ஈஸி என்றால் நீங்களே செய்துவிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

இறக்குமதி ஆவணம் அடுத்தது. இந்தியாவில் டீலர் மூலம் விற்ற வண்டிக்கு டீலர் இன்வாய்ஸ் இருக்கும். தனியாக யாரோ இறக்குமதி செய்ததென்றால் சுங்கத்துறையின் ‘பில் ஆஃப் என்ட்ரி’ இருக்க வேண்டும். வரி கட்டாமல் சுற்றுலா வண்டியாக உள்ளே வந்து திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட கார்கள், பழைய வண்டியைப் புதிதென்று காட்டிக் கொண்டுவந்த கார்கள் எல்லாம் நாட்டில் உண்டு. 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத்துறை, பூட்டான் வழியாக வந்ததாகச் சந்தேகித்த வண்டிகளைப் பெரிய அளவில் தேடிப் பிடித்தது நினைவிருக்கும். பிடிபடும்போது வண்டி யார் வீட்டில் நிற்கிறதோ அவர்தான் ஓட வேண்டும், விற்றவர் அல்ல.

சேஸிஸ் எண்ணை ஆர்.சி., இன்வாய்ஸ், வண்டி மூன்றிலும் ஒப்பிடுங்கள். 17 எழுத்துகள், தொடக்கம் ‘டபிள்யூ-பி-பூஜ்யம்’. பத்தாவது இடத்தில் 7 இருந்தால் 2007 மாடல். பதினோராவது இடத்தில் ‘யூ’ இருந்தால் திடுக்கிட வேண்டாம். பாக்ஸ்டர்களில் பெரும்பகுதி ஜெர்மனியில் அல்ல, பின்லாந்தில் ஊசிகவுபுங்கி என்ற ஊரில் வால்மெட் தொழிற்சாலையில் செய்தவைதான். ‘எஸ்’ என்றால் ஸ்டுட்கார்ட். ஓட்டுவதில் வித்தியாசம் எதுவும் கிடையாது, ஆனால் “ஒரிஜினல் ஜெர்மன் வண்டி” என்று அதற்கும் விலை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முன் மூடியைத் திறந்தால் அதன் உட்புறம் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் சேஸிஸ் எண், பெயின்ட் குறியீடு, தொழிற்சாலையில் போட்ட கூடுதல் அம்சங்களின் எண்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். இதே ஸ்டிக்கர் சர்வீஸ் புத்தகத்திலும் ஒட்டியிருக்கும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மூடியில் ஸ்டிக்கரே இல்லையென்றால் மூடியை மாற்றியிருக்கிறார்கள், அல்லது முன்பக்கம் அடிபட்டுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். காரணம் கேளுங்கள், பிறகு பெயின்ட் மீட்டரை வைத்து முன் ஃபெண்டர்களைப் பாருங்கள். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் காட்டும். 300, 400 என்று ஏறினால் கீழே பட்டி இருக்கிறது. இரண்டு சாவி இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஒன்று தொலைந்திருந்தால் இன்னொன்று செய்ய நிறையச் செலவாகும்.

அடுத்தது தண்ணீர். சென்னை வண்டி என்றால் இரண்டு தேதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 2015 டிசம்பர் முதல் வாரம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். இந்த இரண்டு வெள்ளத்திலும் அடித்தள பார்க்கிங்குகளில் நின்ற விலையுயர்ந்த வண்டிகள் கூரைவரை மூழ்கின. அவற்றில் பல, இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று எழுதி ஏலம் விட்டபின், சுத்தமாகி மறுபடி சந்தைக்கு வந்தவை. சர்வீஸ் ரெக்கார்டில் அந்த மாதங்களுக்குப் பிறகு ஒரு வருடம், ஒன்றரை வருடம் எந்தப் பதிவும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

பார்க்கும் முறை எளிது. சீட் பெல்ட்டை முழுக்க, கடைசி வரை வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவுவதில்லை. அங்கே பழுப்புக் கோடு இருந்தால் பேச்சை நிறுத்திவிடலாம். சீட் ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒருமுறை ஒரு பழைய கார் ஷோரூமில் காட்டிய வண்டியில் புதுக் கார்பெட், புது வாசனைத் திரவியம், எல்லாம் பளபளப்பு. ஏ.சி.யைப் போட்டு, காற்று உள்ளேயே சுற்றும்படி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து முகர்ந்தால் ஈரச் சாக்கு வாடை. வாசனைத் திரவியம் கார்பெட் வரைக்கும்தான் போயிருந்தது, ஏ.சி. குழாய் வரை போகவில்லை.

வெள்ளமே வராத வண்டியிலும் பாக்ஸ்டருக்குத் தண்ணீரால் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. கூரைத் துணி மடியும் இடத்தில், இருபுறமும், மழைத் தண்ணீர் இறங்கிப் போக வடிகால் துளைகள் உண்டு. மரத்தடியில் நின்றால் இலையும் தூசியும் சேர்ந்து அவை அடைத்துக்கொள்ளும். நம் ஊரில் வேப்பமரத்தடி கிடைத்தால் அங்கேதானே நிறுத்துவோம்! தண்ணீர் வழியில்லாமல் உள்ளே இறங்கி இருக்கைக்கு அடியில் தேங்கும். அங்கேதான் அலாரத்தையும், திருடர் ஸ்டார்ட் செய்யாமல் தடுக்கும் இம்மொபிலைசரையும் கவனிக்கும் கன்ட்ரோல் யூனிட்டை வைத்திருக்கிறார்கள். ஏன் அங்கே வைத்தார்கள் என்று அந்த எஞ்சினியரைத்தான் கேட்க வேண்டும். அது நனைந்தால் கதவு தானாகத் திறக்கும், பூட்டாது, வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. எனவே கார்பெட் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் ஃபோமை விரலால் அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் ஃபோம் மாதக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். கூரையை மடித்து, துளைகள் இருக்கும் பக்கமாக ஒரு குவளைத் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். சக்கரத்துக்கு அருகே கீழே ஒழுகினால் சரி.

கூரையை எப்படியும் இயக்கிப் பார்க்கத்தான் போகிறீர்கள். இந்த மாடலில் சுமார் 12 நொடியில் மடியும். ஒருபக்கம் முந்தி, ஒருபக்கம் பிந்திப் போனாலோ நடுவில் ‘கடக்’ என்றாலோ கேபிளோ பிளாஸ்டிக் இணைப்போ போகும் நிலையில் இருக்கிறது.

வெயிலைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வண்டிக்கு எஞ்சின் நடுவில், ரேடியேட்டர்கள் முன்னால், பம்பரின் இரண்டு பக்க வாய்களுக்குப் பின்னே. ஏ.சி. கன்டென்சர்கள் அவற்றுக்கு முன்னால். அந்த வாய்கள் ஒரு வேக்கம் கிளீனர் மாதிரி சாலையில் உள்ள சருகு, பிளாஸ்டிக் உறை, மணல் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். மழையில் நனைந்து அது மக்கினால், கன்டென்சரின் அலுமினியத் தகடுகள் அரித்து கேஸ் கசியும், பிறகு ரேடியேட்டர். டார்ச்சை பம்பர் வாய்க்குள் நீட்டிப் பாருங்கள். உள்ளே உரக்குழி தெரிந்தால், ஓனர் இந்த வண்டியை எவ்வளவு கவனித்தார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு ஏ.சி.யைப் போடுங்கள். முன்னால் போய் நின்று கேளுங்கள்: இரண்டு பக்க ஃபேனும் மெதுவான வேகத்தில் ஓட வேண்டும். அந்த மெதுவான வேகத்துக்கென ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது, அது கெடுவது சகஜம். கெட்டால், சூடு உச்சத்துக்குப் போன பிறகு ஃபேன் முழு வேகத்தில் மட்டும் சுற்றும். ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்காத இந்தச் சின்ன பாகம், கிண்டி டிராஃபிக்கில் மே மாதம் உங்களை ஓரம் கட்ட வைக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய், ஏ.சி. ஓட, அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். காலை ஆறு மணிக்கு ஈ.சி.ஆரில் ஓட்டிக்காட்டுகிறேன் என்று அழைப்பவரிடம், அதுவும் சரி, இதுவும் வேண்டும் என்று சொல்லுங்கள்.

கூலன்ட் ஊற்றும் தொட்டி பின் டிக்கியில் இருக்கிறது. இந்தத் தொட்டியில் விரிசல் விழுவது பழக்கமான நோய். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள், இனிப்பான ஒரு வாடையும் வெளிறிய கறையும் இருந்தால் அதுதான்.

மேலிருந்து பார்த்தால் இந்த வண்டியில் எஞ்சின் தெரியாது. ஆயில், கூலன்ட் ஊற்றும் மூடிகள் மட்டும் பின்னால் தெரியும். அதனால் லிஃப்டில் ஏற்றாமல் பாக்ஸ்டர் பார்ப்பது அர்த்தமில்லாத வேலை. லிஃப்டில் ஏற்றியதும் மூன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம் இருக்கிறதா? லேசான ஈரம் இந்த எஞ்சின்களுக்குப் புதிதல்ல, கிளட்ச் மாற்றும்போது சீலையும் மாற்றலாம். சொட்டினால் விலையில் பேச வேண்டும். அடுத்து, முன்னிருந்து பின்னுக்கு வண்டியின் அடியில் ஓடும் கூலன்ட் குழாய்கள், அடித்தகடுகள். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரில் உரசிய தழும்பு இல்லாத வண்டி அபூர்வம், தழும்பு இருக்கலாம், நசுங்கல் இருக்கக்கூடாது. மூன்றாவதாக, சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ரப்பர். இந்த வண்டியில் சக்கரத்துக்குச் சக்கரம் ஆர்ம்கள் அதிகம், ரப்பர் கிழிந்தால் ஆர்மையே மாற்ற வேண்டி வரும். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது ‘கிரீச்’, ‘டொக்’ கேட்டால் எந்த மூலை என்று லிஃப்டில் தேடுங்கள்.

லிஃப்டில் இருக்கும்போதே இன்னொரு வேலை. ஆயிலை வடித்து, ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள், செலவு உங்களுடையது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுமார் எட்டு லிட்டர் ஆயில் பிடிக்கும், செலவுதான். ஆனால் இந்த விலை வண்டியில் அதற்குக் கணக்குப் பார்ப்பது யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது. ஃபில்டரின் காகித மடிப்பை வெட்டிப் பிரித்து, வெயிலில் விரித்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாக பிளாஸ்டிக் துணுக்கு ஒன்றிரண்டு இருந்தால் செயின் கைடு தேய்கிறது, இந்த வயதில் எதிர்பார்க்கக்கூடியதே. மினுக்கும் உலோகத் துகள், விரலில் தேய்த்தால் மணல்போல நெருடினால், அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஆரம்பத்தில் கேட்ட பேரிங் கேள்விக்கு இருப்பதிலேயே நேரான பதில் இந்தக் காகிதத்தில்தான் கிடைக்கும்.

மீட்டர் 41,000 என்கிறது. நம்பலாமா? எஞ்சின் கம்ப்யூட்டர் கிலோமீட்டரைத் தவிர, எஞ்சின் ஓடிய மணிநேரத்தையும் எண்ணிக்கொண்டே இருக்கும். போர்ஷேவுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கால் அதைப் படிக்க முடியும். 41,000 கிலோமீட்டருக்கு 1,640 மணிநேரம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், சென்னை ஓட்டத்துக்குப் பொருந்துகிறது. 3,280 மணிநேரம் காட்டினால் சராசரி 12.5 ஆகிவிடும், அப்போது இரண்டில் ஒன்று. மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள், அல்லது வாரம் ஒருமுறை வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கும் பழக்கம். இரண்டாவதைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் அணைத்தால் ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் சேரும். அந்தப் பழக்கம் இந்த எஞ்சினுக்கு நல்லதே இல்லை.

அதே ஸ்கேனரில், எஞ்சின் எத்தனை முறை அளவுக்கு மீறிச் சுழன்றது என்ற பதிவும் கிடைக்கும். முதல் வரம்பில் எண்ணிக்கை இருந்தால் பரவாயில்லை, ரெட்லைன் வரை, அதாவது எஞ்சின் சுழற்சியின் மேல் எல்லை வரை, இழுத்து ஓட்டியிருக்கிறார்கள், அதற்காகத்தானே இந்த வண்டி. இரண்டாவது வரம்பில் இருந்தால் கவனம்: ஐந்திலிருந்து நான்குக்குப் பதிலாக இரண்டில் போட்டால் வருவது அது. கடைசியாக நடந்தது எந்த மணிநேரத்தில் என்பதும் பதிவாகியிருக்கும். ஆயிரம் மணிநேரத்துக்கு முன்பு நடந்து, பிறகு ஒழுங்காக ஓடியிருந்தால் எஞ்சின் தப்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். போன மாதம் என்றால் வேண்டாம்.

இருங்காட்டுக்கோட்டையிலோ உங்கள் ஊர் காரி ஸ்பீட்வேயிலோ டிராக்கில் ஓடிய வண்டி என்று தெரிந்தால் பலர் பின்வாங்குவார்கள். நான் மாட்டேன். டிராக்குக்குப் போகிறவர் ஆயிலும் பிரேக் ஃப்ளூயிடும் நேரத்துக்கு மாற்றுவார். வருடத்துக்கு 800 கிலோமீட்டர் ஓடி, மீதி நாளெல்லாம் கவர் போட்டு நின்ற வண்டியைத்தான் எனக்குப் பயம். சீல்கள் காயும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும். டயரில் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் கல்லாக இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள், 3517 என்றால் 2017-ன் 35-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயருக்கு வேலை முடிந்துவிட்டது. எஸ் மாடலின் 18 அங்குலச் சக்கரத்தில் பின் டயர் 265 அகலம், முன் டயர் 235, நான்கையும் மாற்றும் செலவை இப்போதே விலையில் கழியுங்கள்.

பெட்ரோல் இன்னொரு புதுத் தலைவலி. இது 2007-ல் ஈ20 பெட்ரோலை (20 சதவீதம் எத்தனால் கலந்தது) நினைத்துச் செய்த வண்டி இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நிற்கும் டேங்கில் இது கெடுதல். பம்ப் சத்தம் அதிகமாகக் கேட்கிறதா, ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோலுக்குச் செலவு செய்யத் தயாராக இருங்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாளில், நீங்கள் வருவதற்கு முன் எஞ்சினைத் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் கைவைத்துப் பாருங்கள், பின்பக்கம் சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஒரு கொத்துப் புகை வந்து அடங்கினால் பயம் வேண்டாம், படுத்த நிலையில் சிலிண்டர் உள்ள எஞ்சினில் அது உண்டு. வெள்ளைப் புகை தெருவையே மறைத்து, நிற்காமல் வந்தால் ஆயில் ஆவியைப் பிரிக்கும் ஏ.ஓ.எஸ். என்ற பாகம் போய்விட்டது. மாற்றக்கூடியதுதான், விலையில் பேசுங்கள். கிளட்ச் பெடல் மிதிக்க லாரிபோல் கனமாக இருந்தால் கிளட்ச் கடைசிக் காலத்தில் இருக்கிறது.

என் பதில்: பதிவு புதுப்பித்திருந்து, இன்வாய்ஸ் இருந்து, கார்பெட் அடியில் காய்ந்திருந்து, ஃபில்டர் சுத்தமாக இருந்தால் வாங்கலாம். கேட்கும் விலையில் அல்ல. ஆயுள் வரி, டயர், முதல் பெரிய சர்வீஸ் மூன்றையும் கூட்டி, அதைக் கழித்துச் சொல்லுங்கள். அதன்பிறகும் வண்டி விலையில் கால் பங்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் வருடத்தில் தேவைப்படும். லிஃப்டில் ஏற்றி ஃபில்டரை வெட்டிப் பார்க்கும் வரை டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். “இன்னொரு பார்ட்டி நாளைக்கு வருது” என்று புரோக்கர் சொல்வார். வரட்டும், அவரும் ஒருநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகத்தானே வேண்டும்.